நாற்பத்தொன்று

கரும்பலகையின் கடைசி வரியில், அவளுடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ ‘லேட்டு’ என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் யாரென்று அவள் விசாரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த எண் சரியாகத்தான் இருந்தது: நாற்பத்தொன்று.

உதிரிபாகக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது அந்தக் குத்துச்சண்டைக் கூடம். தரையில் ரப்பர் விரிப்பு. சங்கிலிகளில் தொங்கும் மணல் மூட்டைகள். மூலையில் விரிசல் விட்ட நிலைக்கண்ணாடி. எத்தனை ஜன்னல்களைத் திறந்தாலும் போகாத தைல வாசனை. ஒரு பக்கம் கயிறு கட்டிய ரிங். நடுவில் ஓர் இரும்புக் கம்பம். அதில் முகத்தின் உயரத்தில் ஒரு தோல் மெத்தை கட்டப்பட்டிருந்தது. மெத்தைக்கு மேலே ஒரு விளக்கு. விளக்கு எரிந்ததும் மெத்தையைக் குத்த வேண்டும். எரிந்ததற்கும் கையுறை பட்டதற்கும் இடையில் கழிந்த நேரத்தை, நொடியின் நூறில் ஒரு பங்காகக் கணக்கிட்டு, கம்பத்தின் அடியில் இருந்த பெட்டி சிவப்பு எண்களில் காட்டும். எண் குறையக் குறைய ஆள் வேகம். விளக்கு எரியும் முன்பே குத்தினால் பெட்டி அலறும். அந்தக் குத்து செல்லாது.

விளக்கை எரிய வைப்பவர் மாஸ்டர். கம்பத்துக்கு அப்பால் ஒரு பலகைத் தட்டியை நிறுத்தி, அதன் பின்னால் ஒரு மேடையின் மேல் தையல் மெஷின் பெடல் போன்ற ஒன்றைப் பொருத்தியிருந்தார். தட்டியின் பின்னால் நின்றுகொண்டு, நினைத்த நேரத்தில் காலைத் தூக்கி அதை மிதிப்பார். உடனே மிதிப்பார், சில சமயம் ஆள் அலுத்துப்போகும் வரை மிதிக்காமல் நிற்பார். அவருடைய முகமோ தோளோ காலோ அடிப்பவருக்குத் தெரியாது. எந்தச் சாடையும் கிடைக்கக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. மண்டலப் போட்டிக்கு எடைப் பிரிவு ஒன்றுக்கு ஒருவரைத்தான் ஒரு கூடம் அனுப்ப முடியும். அந்த எடையில் இங்கே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மாஸ்டரின் மகள்; கூடத்தில் அவளுக்கு மின்னல் என்று பெயர். இன்னொருத்தி மாஸ்டரின் அண்ணன் மகள், மின்னலுக்கு அக்கா முறை; அவள்தான் லேட்டு. இருவரும் மோதினால் ஒரு நாள் இவள் ஜெயிப்பாள், மறுநாள் அவள் ஜெயிப்பாள். “நான் பாத்து சொன்னா, என் கண்ணுக்கு என் பொண்ணுதான் தெரியும்னு ஆளாளுக்குப் பேசுவாங்க. பெட்டி சொல்லட்டும்,” என்று மாஸ்டர் முடிவு செய்திருந்தார். நியாயமான மனிதர். கூடத்துக்குள் உறவு கிடையாது, அதைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வீட்டில் ‘சித்தப்பா’ என்று கூப்பிடுபவள், இங்கே ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும்.

பெட்டி சொன்னது எப்போதும் ஒன்றுதான். மின்னலும் மற்றவர்களும் முப்பதுக்குள் அடித்தார்கள். அவள் நாற்பத்தொன்று அடித்தாள். காலையில் அடித்தாலும், தூங்கி எழுந்து அடித்தாலும், கோபத்தில் அடித்தாலும் நாற்பத்தொன்று. கூடத்திலேயே பெரிய உடம்புக்காரரான, பீரோ என்று பெயர் பெற்ற அண்ணன்கூட முப்பதைத் தாண்டியதில்லை. “உனக்குக் கை வேகமாத்தான் இருக்கு. சேதிதான் தபால்ல போகுது போல,” என்பார் அவர்.

சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போயிருந்தது. காது மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும். வைக்காவிட்டால் அடுப்பில் பால் பொங்குவதுகூடக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. போட்டியில் ரிங்குக்குள் மெஷினோடு போக அனுமதி இல்லை. அதனால் பயிற்சியிலும் முதல் வேலையாக அதைக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் வைப்பாள். பிறகுதான் கையில் துணி சுற்றுவாள்.

அந்த வியாழக்கிழமை அவளுடைய தலைக்கவசத்தின் வார் அறுந்துவிட்டது. அதை முடிச்சுப் போட்டுப் பார்த்து, முடியாமல் விட்டெறிந்துவிட்டு, வெறும் தலையோடு கம்பத்தின் முன்னால் போய் நின்றாள். மெஷினைக் கழற்ற மறந்துபோனாள்.

முதல் குத்து நாற்பது. இரண்டாவது முப்பத்தாறு. அதற்குள் அவளுடைய உடம்பு எதையோ கண்டுகொண்டிருந்தது. எதை என்று அவளுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. கடைசிக் குத்துக்குப் பெட்டி இருபத்தெட்டு காட்டியது.

மாஸ்டர் தட்டியின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

“பாத்தியா? நான் சொன்னேன்ல, ஒரு நாள் வரும்னு. வந்துடுச்சு.”

சாக்பீஸை எடுத்து அவரே பலகையில் எழுதினார். கடைசி வரியிலிருந்து அவள் ஒரே நாளில் மின்னலுக்கு அருகில் வந்து நின்றாள். மின்னல் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள்.

மெஷின் காதிலேயே இருக்க, அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அடுத்து பீரோ அண்ணன் அடிக்க வந்தார். தட்டியின் பின்னாலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பீரோவின் தோள் இறுகியது. பிறகு விளக்கு எரிந்தது. பிறகு குத்து. மறுபடியும் ‘டக்’, தோள், விளக்கு, குத்து. மாஸ்டர் எவ்வளவு நேரம் காக்க வைத்தாலும் இந்த வரிசை மாறவில்லை.

அது மாஸ்டரின் வலது முட்டி. அவர் ரிங்கில் ஆடிய காலத்தில் கெட்டுப்போன முட்டி. மடங்கினால் சொடக்குப் போட்டதுபோல் சத்தம் வரும். மேடை மேல் இருந்த பெடலை மிதிக்க அவர் காலைத் தூக்கும்போதெல்லாம், கால் இறங்குவதற்கு முன்பே முட்டி பேசிவிடும். கூடத்தில் எல்லோருக்கும் பழகிப்போன சத்தம். சுவர்க் கடிகாரத்தை யாரும் கேட்பதில்லை அல்லவா, அப்படி. அவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. அவர்களுடைய கைகள் மட்டும், யாரையும் கேட்காமல், அந்த முட்டியிடம் பாடம் படித்துவிட்டிருந்தன.

அவள் மெஷினைக் கழற்றினாள். கூடம் அமைதியானது. பீரோவின் தோள் மறுபடியும் இறுகியது, இந்த முறை காரணம் எதுவும் இல்லாமல். பிறகு விளக்கு எரிந்தது.

வெளியூர் போட்டிகள் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இந்தக் கூடத்து ஆட்கள் எங்கே போனாலும் முதல் சுற்றிலேயே முகத்தில் வாங்கிக்கொண்டு வருவார்கள். விளக்கு கண்ணில் அடித்தது என்பார்கள். தூக்கம் சரியில்லை என்பார்கள். நடுவர் மேல் பழி போடுவார்கள். திரும்பி வந்ததும் மாஸ்டர் எல்லோரையும் கம்பத்தின் முன்னால் இன்னும் அதிக நேரம் நிறுத்துவார்.

அன்று மாலை அம்மா சலவைக் கடையிலிருந்து கொண்டுவந்த சட்டைகளை வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் நடந்தது எல்லாவற்றையும் அவள் சொல்லி முடித்தாள். அம்மா ஒரு காலரை இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.

“எல்லாருக்கும் கேக்குது. உனக்கும் கேட்டுச்சு. இதுல என்ன தப்பு?”

“ரிங்ல மெஷினைக் கழட்டிடணும்மா.”

“அதை ரிங்குக்குப் போய்ப் பாத்துக்கலாம். முதல்ல உள்ள போ. கதவைத் திறந்து விட்டிருக்காங்க, நீ வாசல்ல நின்னு பூட்டைப் பத்திப் பேசற.”

“எதிர்ல நிக்கறவ சித்தப்பா முட்டியைக் கூட்டிட்டு வர மாட்டாம்மா.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். சட்டை கருகிவிடக் கூடாது.

“சரி, என்ன பண்ணப் போற? உங்க முட்டி சரியில்ல, அதனால உங்க கூடமே சரியில்லைன்னு போய் சொல்லப் போறியா? என் கொழுந்தனாருக்கு நோவுதான் முட்டியில. கோவம் மூக்கு நுனியில.”

“தெரியும்.”

“ஞாயித்துக்கிழமை கடைசி டெஸ்ட். பேசாம மெஷினைப் போட்டுட்டு அடிச்சா இடம் உனக்குத்தான். அவளை விட நல்லாவே அடிப்ப. அதையும் யோசிச்சுக்க.”

“யோசிச்சேன். கிடைச்சா எனக்குக் கிடைக்கணும். மெஷினுக்கும் முட்டிக்கும் கிடைச்சா, நான் எதுக்கு நடுவுல?”

அம்மா அடுத்த சட்டையை விரித்தாள். பிறகு அலமாரியைக் காட்டினாள்.

“துவைச்ச பனியன் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுட்டுப் போ. திட்டு வாங்கறதுன்னாலும் சுத்தமா நின்னு வாங்கு.”

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பெட்டியைச் செய்து கொடுத்த கரண்ட்காரரும் வந்திருந்தார். பிற்பாடு யாரும் குறை சொல்லக் கூடாது என்று மாஸ்டரே அவரை வரவழைத்திருந்தார். அவர் பெட்டியைத் திறந்து, மூடி, துணியால் துடைத்து, “தங்கம்,” என்று சான்றிதழ் கொடுத்தார்.

மின்னல் முதலில் அடித்தாள். ஐந்து குத்துகள், சராசரி இருபத்தேழு. கைதட்டல் எழுந்தது. மாஸ்டர் கைதட்டவில்லை, மகளுக்கு அவர் எப்போதும் கைதட்டியதில்லை.

“அடுத்து.”

அவள் கம்பத்தின் முன்னால் வந்து நின்றாள். தலைக்கவசம் கையில் இருந்தது. மெஷின் காதில் இருந்தது.

“மாஸ்டர், அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

“அடிச்சிட்டுச் சொல்லு.”

“அடிச்சிட்டா சொல்ல முடியாது. அன்னிக்கு நான் போட்ட இருபத்தெட்டு என்னுது இல்ல. அதை அழிச்சிடுங்க.”

“வேண்டாம்னா எனக்குக் குடு. நான் வச்சுக்கறேன்,” என்றார் பீரோ. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“அன்னிக்கு மெஷின் காதுல இருந்துச்சு. நீங்க பெடலை மிதிக்கக் காலைத் தூக்கும்போது உங்க முட்டி சத்தம் போடுது. அதுக்கப்புறம்தான் விளக்கு எரியுது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு அடிச்சேன். இங்க எல்லாரும் அதைக் கேட்டுத்தான் அடிக்கறாங்க.”

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். கரண்ட்காரர் மட்டும் கையைத் தூக்கினார்.

“என் பெட்டியில தப்பில்லைன்னு அந்தப் பொண்ணே சொல்லுது. எல்லாரும் கவனிச்சுக்கங்க.”

மாஸ்டர் தட்டியின் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

“அப்ப என் பொண்ணு திருடின்னு சொல்ற.”

“இல்ல மாஸ்டர். அவளுக்கே தெரியாது.”

“எனக்குத் தெரியாததை நீ வந்து சொல்றியா?” மின்னல் கையுறையோடு இடுப்பில் கை வைத்தாள். “கடைசில நிக்கறவங்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?”

“பஞ்சமில்ல. பஞ்சு இருக்கு, மருந்துப் பெட்டியில. காதுல வச்சிட்டு அடி. அப்பவும் இருபத்தேழு வந்தா நான் இந்தப் படியேற மாட்டேன்.”

“அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்,” என்றார் மாஸ்டர். குரலை அவர் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கேட்பவர்களுக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். “எல்லாருக்கும் ஒரே விளக்கு, ஒரே பெட்டி, ஒரே சட்டம். உனக்காக மாத்த முடியாது. அடிக்கறதுன்னா அடி. இல்லன்னா கையுறையைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போ.”

“போக மாட்டேன்.”

“அப்ப அடி.”

“பொய் விளக்குக்கு அடிக்கவும் மாட்டேன்.”

மாஸ்டரின் காது மடல் சிவந்தது. “பொய்யா? இத்தனை வருஷமா இந்த முட்டியோட நடக்கறவன் நான். எனக்கே கேக்காத சத்தம் இவங்களுக்கு எங்கிருந்து கேக்கும்? ஒருத்தரும் என் முட்டியைக் கேட்டு அடிக்கல.”

அதைச் சொல்லிக்கொண்டே, பேச்சை முடித்துவிட்ட எண்ணத்தில், அவர் ரிங்கின் விளிம்பில் ஏறி நிற்க வலது காலைத் தூக்கினார்.

டக்.

மின்னலின் இடது கை காற்றில் நீண்டது. பீரோவின் தாடை மார்புக்குள் இறங்கி, தோள் மேலேறியது. மூட்டைகளுக்குப் பக்கத்தில், இந்தப் பேச்சிலேயே கலந்துகொள்ளாமல் நின்ற இரண்டு பேரின் கைகளும் முகத்துக்கு முன்னால் வந்துவிட்டன. மாஸ்டர் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நின்றார்.

“விளக்கு எரியலையே,” என்றார் கரண்ட்காரர், பெட்டியைப் பார்த்துவிட்டு.

மின்னல் தன்னுடைய நீட்டிய கையைப் பார்த்தாள். பஸ்ஸில் யாரோ தவறி அவள் தோளில் போட்டுவிட்ட கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு மெல்ல இறக்கினாள்.

“பஞ்சு எங்க இருக்கு?” என்றாள்.

“வேண்டாம்டி,” என்றார் மாஸ்டர்.

“நீங்களே மிதிங்க. அதே பெடல், அதே கால். எனக்கு ஒண்ணும் மாத்த வேண்டாம்.” கையுறையைக் கழற்றிவிட்டுப் பஞ்சைக் கிழித்து இரண்டு காதிலும் திணித்தாள், அதன் மேல் தலைக்கவசத்தை இறுக்கினாள், மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டு கம்பத்தின் முன்னால் போய்க் காலூன்றினாள். மாஸ்டர் தட்டியின் பின்னால் போனார். வேறு வழி இருக்கவில்லை, சட்டம் அவருடையது.

விளக்கு எரிந்தது. நாற்பத்தாறு.

மின்னல் எண்ணைப் பார்த்தாள், பல்லைக் கடித்தாள். அடுத்த முறை முந்திக்கொண்டு குத்தினாள். பெட்டி அலறியது. அதன் பிறகு அவள் அவசரப்படவில்லை. கண்ணை விளக்கின் மேல் ஆணியடித்ததுபோல் வைத்துக்கொண்டு அடித்தாள். நாற்பத்தைந்து. நாற்பத்துநான்கு. எவ்வளவு முயன்றும் நாற்பத்துமூன்றுக்குக் கீழே இறங்கவில்லை.

ஐந்தாவது குத்து முடிந்ததும் கையுறையையும் தலைக்கவசத்தையும் கழற்றி, பஞ்சைப் பிடுங்கிப் போட்டாள். தட்டியின் பக்கம் திரும்பினாள்.

“இத்தனை வருஷமா உங்க முட்டியோடதான் சண்டை போட்டுட்டிருந்தேனாப்பா?”

கூடத்துக்குள் அவள் ‘அப்பா’ என்று சொன்னதை யாரும் அதுவரை கேட்டதில்லை. மாஸ்டரும் அதைத் திருத்தவில்லை.

லேட்டு தன் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். டப்பாவை நீட்டினாள். வாங்கிக்கொள்ள அருகில் நின்றது மின்னல்தான். ஒரு கணம் தயங்கி, இரண்டு கைகளிலும் அதை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு இப்போது எதுவும் கேட்கவில்லை. இரும்புக் கம்பம், தோல் மெத்தை, அணைந்த விளக்கு. இந்த அமைதியில்தான் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்திருந்தார்கள். இதே அமைதியோடுதான் எதிராளியின் முன்னால் நின்றிருக்கிறாள். ஜெயித்தும் இருக்கிறாள், தோற்றும் இருக்கிறாள். இரண்டையும் யாரும் அவளுக்கு முன்கூட்டியே அறிவித்ததில்லை.

விளக்கு எரிந்தது. நாற்பத்தொன்று. மறுபடியும் நாற்பத்தொன்று. ஒரு முறை நாற்பது வந்தது. அதற்கு ஈடுகட்டுவதுபோல் அடுத்தது நாற்பத்திரண்டு வந்தது. கடைசிக் குத்துக்கு முன்னால் மாஸ்டர் வெகு நேரம் காக்க வைத்தார். அவள் இமைக்காமல் நின்றாள். நாற்பத்தொன்று.

மாஸ்டர் வெளியே வந்து பெட்டியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு, அவள் உதட்டைப் படிக்க வேண்டும் என்பது நினைவிருந்ததால், அவளுக்கு நேராகத் திரும்பி நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

“நாப்பத்தொண்ணு ஒண்ணும் பெரிய வேகமில்ல.”

“தெரியும் சித்தப்பா. ஆனா அது என்னுது.”

“இங்க சித்தப்பா கிடையாது.”

“சரி மாஸ்டர். அதே பதில்தான்.”

அவர் ஈரத் துணியை எடுத்துப் பலகை முழுவதையும் துடைத்தார். இருபத்தேழு போயிற்று, இருபத்தெட்டு போயிற்று, பீரோவின் முப்பது போயிற்று. ‘லேட்டு’ம் போயிற்று. பலகை காய்வதற்குள் முதல் வரியில் பள்ளிப் பதிவேட்டில் உள்ள அவளுடைய பெயரை, முழுதாக, தலைப்பெழுத்தோடு எழுதினார். அதற்குக் கீழே தன் மகளின் பெயரையும் அவ்வாறே எழுதினார். எண்களைக் கடைசியில் போட்டார். நியாயமான மனிதர் என்று முன்பே சொன்னோம். அன்று அது அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை.

“எனக்கும் கொஞ்சம் பஞ்சு குடுங்கப்பா,” என்றார் பீரோ. “மானம் போறதுன்னா எல்லாரோடயும் சேந்து போகட்டும். தனியா போனா வழி தெரியாது.” அவருக்கு ஐம்பத்திரண்டு வந்தது.

மின்னல் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் மெஷினைக் காதில் பொருத்திக்கொண்டாள். ஒரு சின்ன விசில் சத்தத்துக்குப் பிறகு கூடம் திரும்பி வந்தது: சங்கிலியின் கிறீச்சல், யாரோ மூச்சு வாங்குவது, கரண்ட்காரர் தன் பெட்டியைப் பற்றி யாரிடமோ பெருமையடிப்பது.

“அடுத்த வருஷம் இந்த இடத்தை எடுத்துக்குவேன்,” என்றாள் மின்னல்.

“வந்து எடு.”

“விட்டுக் குடுத்தேன்னு நினைக்காத.”

“நீ விட்டுக் குடுத்தா நான் வாங்கிக்கவே மாட்டேன்.”

மாஸ்டர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார். கம்பிப் படிகள், செங்குத்தானவை. ஒவ்வொரு படிக்கும் முட்டி மடங்கியது.

டக்.

பீரோவின் தாடை இறங்கியது. அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

டக்.

மின்னல் இரண்டு முஷ்டிகளையும் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தச் சத்தம் தனக்கும் கேட்கட்டும் என்று அவள் தன் காது மெஷினை முழுதாகக் கூட்டி வைத்துக்கொண்டு, தங்கையின் பக்கத்தில் போய் நின்றாள். மாஸ்டரின் கால்கள் தெரு வரை இறங்கின. ஒவ்வொரு சத்தத்துக்கும் மின்னலின் தோள் துடித்தது. கைகளை அவள் அசைய விடவில்லை.